ஊதாத் தக்காளி: செடிக்குள்ளேயே பாலிஃபீனாலைக் கூட்டினால் நமக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

ஊதாப்பூ · சனி, காலை 7.42

வணக்கம். போன ஆண்டு என் அப்பாவுக்கு இதயக் குழாயில் இருந்த அடைப்பை நீக்கினார்கள். அன்றிலிருந்து ஆளுக்கொரு அறிவுரை. ஒருவர், சிவப்பு ஒயினில் இருக்கிறதாமே, அந்த ரெஸ்வெரட்ரால் மாத்திரை வாங்கி வந்து கையில் திணித்தார். இன்னொருவர், நிறம் அடர்த்தியாக இருக்கிற பழம் எதுவானாலும் நல்லது என்கிறார். இதையெல்லாம் படித்துப் பார்க்கப் போன இடத்தில்தான் ஊதாத் தக்காளி கண்ணில் பட்டது. தோல் மட்டுமல்ல, வெட்டினால் சதையும் கருநீலம். ஸ்னாப்டிராகன் என்ற பூச்செடியின் இரண்டு மரபணுக்களைத் தக்காளிக்குள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறை 2022 செப்டம்பரில் இதற்குத் தடையில்லை என்று சொன்னது. 2024 தொடக்கத்தில் வீட்டுத் தோட்டக்காரர்களுக்கு விதையே விற்பனைக்கு வந்துவிட்டது.

நான் கணக்குப் பதிவு வேலை செய்பவள். உயிரியல் பள்ளியோடு நின்றுவிட்டது. அதனால் நேராகவே கேட்கிறேன். இரண்டு மரபணுவை வைத்தால் ஒரு பழம் முழுவதும் எப்படி நிறம் மாறுகிறது? அந்த நிறம் சாப்பிடுகிறவர் உடம்புக்கு ஏதாவது செய்கிறதா, அல்லது கண்ணுக்கு மட்டும்தானா? இவ்வளவு பாடுபட்டுச் செடியை மாற்றுவதைவிட அந்தப் பொருளைப் பிரித்து மாத்திரையாக்கினால் போதாதா?

மரபுத்தச்சன் · சனி, காலை 9.15

நல்ல கேள்விகள். பதினான்கு ஆண்டுகளாகத் தாவர வேதியியலில்தான் என் பிழைப்பு. முதல் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அது புரிந்தால் மற்றவற்றில் பாதி தெளிந்துவிடும்.

ஊதா நிறத்தைத் தரும் ஆந்தோசயனின், ஃபிளேவோனால், ரெஸ்வெரட்ரால், துவர்ப்பைத் தரும் டானின் எல்லாம் பாலிஃபீனால் என்ற பெரிய குடும்பத்துப் பிள்ளைகள். இவற்றுக்கெல்லாம் ஊற்று ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலம். அதை ஒரு நொதி பிடித்து, நைட்ரஜன் பகுதியைக் கழற்றிவிட்டுப் பாதையில் இறக்கிவிடுகிறது. இன்னும் இரண்டு நொதிகளைத் தாண்டியதும் ஒரு நாற்சந்தி வருகிறது. அங்கிருந்து ஒரு சாலை லிக்னினுக்குப் போகிறது. செடி நிமிர்ந்து நிற்பதே அதனால்தான். இன்னொரு சாலை ஃபிளேவனாய்டுகளுக்குப் போகிறது. அந்தச் சாலையின் வாசலில் நிற்பது சால்கோன் சிந்தேஸ் என்ற நொதி. திராட்சை போன்ற சில செடிகளில் அதே வாசலில் ஸ்டில்பீன் சிந்தேஸும் நிற்கும். அந்தப் பக்கம் திரும்பினால் ரெஸ்வெரட்ரால்.

தக்காளி இந்தப் பாதையை அறியாத செடி அல்ல. அதன் இலையிலும் தண்டிலும் ஊதா நிறம் வரும். பழத்தில்தான் பாதை அடைபட்டுக் கிடக்கிறது. தோலில் அந்த வாசலைத் தாண்டியதும் வரும் முதல் பொருளான சால்கோன் வரை உண்டாகிறது. அடுத்த நொதி அங்கே போதவில்லை. அந்த ஒரு நொதியின் மரபணுவைப் பெட்டூனியாவிலிருந்து எடுத்து வைத்தபோது தோலில் ஃபிளேவோனால் 78 மடங்கு வரை கூடியது. இது 2001-இல் நடந்தது. ஆனால் சதை அசையவில்லை. அங்கே ஒரு படி மட்டுமல்ல, பாதை முழுவதுமே உறங்குகிறது.

ஒவ்வொரு நொதியாக எழுப்பிக்கொண்டிருந்தால் ஆயுள் போதாது. செடிக்குள்ளேயே மேற்பார்வையாளர் போன்ற புரதங்கள் இருக்கின்றன. ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து மரபணுக்களைத் தட்டி எழுப்பக்கூடியவை அவை. ஸ்னாப்டிராகனின் டெலிலா, ரோசியா1 இரண்டும் அப்படிப்பட்டவை. இங்கிலாந்தில் நாரிச் நகரத்து ஜான் இன்னஸ் மையத்தில் கேத்தி மார்ட்டின் குழு இந்த இரண்டையும், பழம் பழுக்கும்போது மட்டுமே இயங்கும் ஓர் இயக்கித் தொடரோடு (மரபணு எப்போது, எங்கே வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் டிஎன்ஏ துண்டு அது) சேர்த்துத் தக்காளியில் வைத்தது. 2008-இல் வெளியிட்டார்கள். ஆந்தோசயனின் அளவு கருநிற பெர்ரிப் பழங்களுக்கு இணையாக வந்தது. பழுக்கும் வரை செடி வழக்கம்போல வளர்கிறது. பழுக்கத் தொடங்கியதும்தான் ஊதா ஏறுகிறது. இந்தக் காலக்கணிப்புதான் எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி.

மண்புழு · சனி, காலை 10.03

தச்சரே, ஒரு குறுக்குக் கேள்வி. ஒரு நொதி குறைவாக இருக்கிறது என்றால் அதன் மரபணுவை இன்னும் இரண்டு படி கூடுதலாக வைத்துவிட்டால் போயிற்று என்றுதானே தோன்றும்?

மரபுத்தச்சன் · சனி, காலை 10.31

அப்படித்தான் 1990-இல் பெட்டூனியாவில் செய்து பார்த்தார்கள். ஊதாப் பூவை இன்னும் அடர்த்தியாக்க நினைத்து, சால்கோன் சிந்தேஸ் மரபணுவின் இன்னொரு படியை வைத்தார்கள். பல செடிகளில் பூ வெளுத்துப்போனது. சிலவற்றில் வெள்ளையும் ஊதாவும் திட்டுத்திட்டாக வந்தன. புதிதாக வைத்த படி, செடியின் சொந்த மரபணுவையும் சேர்த்து வாயடைத்துவிட்டது. ஏன் என்று அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1998-இல் புழுக்களில், மரபணுவின் செய்தியைச் செல்லே அழித்து வாயடைக்கும் ஆர்என்ஏ குறுக்கீட்டைக் கண்டு விளக்கியவர்களுக்கு 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது. பெட்டூனியாப் பூ காட்டிய புதிரும் அதே வகைதான்.

செடியிடம் வேலை வாங்குவது கூட்டல் கணக்கு அல்ல என்பதை எனக்குப் புரியவைத்தது அந்த வெள்ளைப் பூதான். அதை நான் ஒவ்வொரு ஆண்டும் புதிய மாணவர்களுக்குச் சொல்கிறேன்.

அளவறிவாள் · சனி, மதியம் 12.20

ஊதாப்பூ அவர்களுக்கு, முதலில் அப்பா நலமடைய என் வாழ்த்து. நான் உணவியல் ஆலோசகர். உங்கள் இரண்டாவது கேள்விதான் என் வேலை.

2008 ஆய்வில் சுண்டெலிகளுக்குத் தக்காளிப் பொடியை உணவில் பத்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தார்கள். சாதாரண உணவு தின்றவை சராசரியாக 142 நாள் வாழ்ந்தன; ஊதாத் தக்காளி தின்றவை 182 நாள். செய்தித்தாள்கள் இதைத்தான் பிடித்துக்கொண்டன. ஆனால் அவை சாதாரணச் சுண்டெலிகள் அல்ல. புற்றைத் தடுக்கும் பி53 மரபணு இல்லாமல் பிறந்தவை. எப்படியும் இளமையிலேயே புற்று வந்து சாகக்கூடியவை. அந்த முடிவு மதிப்புள்ளதுதான். அதை மனிதருக்கு அப்படியே தூக்கிப் போட முடியாது, அவ்வளவுதான் நான் சொல்வது. ஆய்வு செய்தவர்களும் அப்படிப் போடவில்லை.

அடுத்து, 'ஆன்டிஆக்சிடன்ட்' என்ற சொல். சோதனைக் குழாயில் ஒரு பொருள் தீவிரமாக வினைபுரியும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை எவ்வளவு அடக்குகிறது என்று அளந்து உணவுகளை வரிசைப்படுத்திய ஒரு பட்டியல் இருந்தது. அமெரிக்க வேளாண் துறையே அதை 2012-இல் தன் தளத்திலிருந்து எடுத்துவிட்டது. குழாயில் நடப்பது உடம்பில் நடப்பதற்குச் சான்றல்ல என்பதுதான் காரணம். ஆனாலும் அந்த எண்களை இன்றும் மாத்திரைப் புட்டிகளின் மேல் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

உடம்புக்குள் என்ன நடக்கிறது? ஆந்தோசயனினில் முழு மூலக்கூறாக இரத்தத்துக்குள் நுழைவது மிகச் சொற்பம். கார்பன்-13 என்ற அடையாளம் இட்ட ஆந்தோசயனினை எட்டு ஆண்களுக்கு 500 மில்லிகிராம் கொடுத்துப் பின்தொடர்ந்தார்கள். அந்தக் கார்பனில் ஏறக்குறைய 12 விழுக்காடு சிறுநீரிலும் மூச்சிலும் வந்தது. அதாவது உடம்புக்குள் போனது. ஆனால் அதில் பெரும்பகுதி உடைந்து சிறு அமிலங்களாக மாறிய பிறகுதான் உள்ளே போயிருக்கிறது. பாதி வேலையைக் குடல் நுண்ணுயிரிகள் செய்கின்றன. எனவே பழத்தில் பத்து மடங்கு கூட்டினால் உடம்பில் பத்து மடங்கு பயன் என்று கணக்குப் போடாதீர்கள்.

ரெஸ்வெரட்ரால் மாத்திரை பற்றி: இத்தாலியில் கியாந்தி பகுதியில் 65 வயதைத் தாண்டிய 783 பேரை ஒன்பது ஆண்டுகள் பின்தொடர்ந்து, சிறுநீரில் ரெஸ்வெரட்ரால் கழிவுகளை அளந்தார்கள். உணவிலிருந்து அதைக் கூடுதலாகப் பெற்றவர்கள் கூடுதல் காலம் வாழவில்லை. இதய நோயும் அவர்களுக்குக் குறையவில்லை. அது 2014-இல் வந்தது. அப்பா ஏற்கெனவே இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறார் என்றால், இதயநோய் மருத்துவரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

ஊதாப்பூ · சனி, மதியம் 12.48

மிக்க நன்றி, அம்மா. அந்த மருந்து அவர் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார். மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். திங்கள்கிழமை மருத்துவரிடம் காட்டுகிறேன்.

விதைக்கூடை · சனி, மாலை 4.05

இருபது ஆண்டுகளாகப் பழைய விதைகளைச் சேர்த்துப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். என் பார்வை வேறு.

ஊதாத் தக்காளிக்கு மரபணுவை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவையே இல்லை. காட்டுத் தக்காளி இனங்களில் ஆந்தோசயனின் இருக்கிறது. ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகம் அந்தக் காட்டு இனங்களோடு கலந்து வந்த செடிகளை மீண்டும் மீண்டும் கலந்து தேர்ந்தெடுத்து 'இண்டிகோ ரோஸ்' என்ற வகையை 2012-இல் வெளியிட்டது. ஆய்வகத்தில் வெட்டி ஒட்டவில்லை. பூவோடு பூ சேர்த்து, பொறுமையாகச் செய்தார்கள். அந்த விதையை நான் வைத்திருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். சிவப்புச் சதை ஆரஞ்சு இருக்கிறதே, அதை எந்த ஆய்வகம் செய்தது?

காப்புரிமை ஒட்டிய விதை வந்தால் அதை விதைப்பவன் அடுத்த பருவத்தில் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பதை வேறொருவர் முடிவு செய்வார். உடல்நலம் என்ற பெயரில் அந்தக் கதவைத் திறக்கக் கூடாது. இதுதான் என் அச்சம். நச்சு, பயங்கரம் என்றெல்லாம் நான் சொல்லவில்லை.

மரபுத்தச்சன் · சனி, இரவு 8.37

விதைக்கூடை ஐயா, காப்புரிமை பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்கப்போவதில்லை. பொதுப் பணத்தில் நடக்கும் ஆய்வின் பயன் பொதுவில் இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் இண்டிகோ ரோஸைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நிறம் தோலோடு சரி, சதை சிவப்பு. காம்பின் கீழே வெயில் படாத இடத்தில் தோலிலும் ஊதா இருக்காது. அந்த வகைக்கு ஒளி வேண்டும்; ஊதா உண்டாவது தோலில்தான். ஒரு பழத்தின் எடையில் தோல் எவ்வளவு? அதனால்தான் சதைக்குள் கொண்டுபோக வேறு வழி தேடினார்கள். அரிசியிலும் இதே கதை. கருநிற அரிசியில் ஆந்தோசயனின் தவிட்டில்தான் இருக்கிறது, தீட்டினால் போய்விடும். 2017-இல் தென்சீன வேளாண் பல்கலைக்கழகத்தில் எட்டு மரபணுக்களை ஒரே அடுக்காகச் சேர்த்து வைத்து, உள் அரிசியே ஊதாவாக இருக்கும் நெல்லை உருவாக்கினார்கள். பூவோடு பூ சேர்க்கும் கலப்பால் அங்கே போய்ச் சேர முடியாது. உள் அரிசியில் அந்தப் பாதை இயங்கும் நெல் உலகத்தில் இருந்தால்தானே கலப்பதற்கு?

சிவப்பு ஆரஞ்சு உங்களுக்கும் எனக்கும் பொதுவான சான்று. 2012-இல் அதன் மரபணுவைக் கண்டுபிடித்து ரூபி என்று பெயரிட்டார்கள். ஆரஞ்சின் டிஎன்ஏவுக்குள் இடம் விட்டு இடம் தாவும் ஒரு துண்டு எப்போதோ அந்த மரபணுவின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. குளிர் பட்டால் அது விழித்து ரூபியையும் எழுப்புகிறது. அதனால்தான் எட்னா எரிமலையைச் சுற்றி, இரவு குளிர்ந்து பகல் காயும் சிசிலித் தோட்டங்களில் அந்தப் பழம் நன்றாகச் சிவக்கிறது. குளிர் இல்லாத இடத்தில் நிறம் நம்பிக்கையாக வருவதில்லை. இயற்கை செய்ததும் ஒரு மரபணுவின் முன்னால் புதிய இயக்கியை வைத்த வேலைதான். அதற்கு ஒரு தோட்டக்காரரின் கண்ணும் வேண்டியிருந்தது. அந்தக் கிளையைக் கண்டு, வெட்டி ஒட்டுப்போட்டுக் காத்தவர் யாரோ, அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

மண்புழு · ஞாயிறு, காலை 6.10

எல்லோரும் மனிதனுக்கு என்ன கிடைக்கும் என்றே பேசுகிறீர்கள். பயிர் நோய்களோடு மல்லுக்கட்டும் ஆள் நான். செடிக்கு என்ன கிடைக்கும் என்று கொஞ்சம் பாருங்கள்.

நமக்கு நல்லது என்று எந்தச் செடியும் பாலிஃபீனால் செய்வதில்லை. கடிக்க வரும் பூச்சிக்கு, துளைக்க வரும் பூஞ்சைக்கு, சுடும் வெயிலுக்கு எதிராகத்தான் செய்கிறது. சோளக் கதிரில் டானின் கூடினால் பறவை தொடாது, துவர்ப்பு. 1993-இல் திராட்சையின் ஸ்டில்பீன் சிந்தேஸ் மரபணுவைப் புகையிலையில் வைத்தார்கள். அந்தச் செடி ரெஸ்வெரட்ரால் செய்தது. சாம்பல் பூஞ்சணத்தைத் தாங்கியும் நின்றது. மனிதர்கள் ரெஸ்வெரட்ராலை மாத்திரையாக விழுங்கத் தொடங்குவதற்கு முன்பே இது நடந்துவிட்டது.

ஊதாத் தக்காளியிலும் எனக்கு முக்கியமாகப் படுவது 2013-இல் வந்த முடிவு. பழுத்தபின் கெடாமல் இருக்கும் நாள் சராசரி 21-இலிருந்து 48 ஆகக் கூடியது. பழம் அளவுக்கு மீறிக் கனிவது தள்ளிப்போகிறது. சாம்பல் பூஞ்சணமும் ஊதாப் பகுதியில் மெதுவாகத்தான் பரவுகிறது. பாதி ஊதா, பாதி சிவப்பாக வந்த பழங்களில் பூஞ்சணம் சிவப்புப் பக்கத்தையே தின்றுகொண்டு போனது. அறுவடை முடிந்து, பெட்டி பெட்டியாக அழுகிய பழத்தைக் குழியில் கொட்டுகிறவர்களைப் பார்த்தவன் நான். அங்கே நின்று பார்த்தால் இந்த 27 நாள் எவ்வளவு பெரிது என்று தெரியும். இதய நோய் பற்றிய வழக்கு முடிய இன்னும் எத்தனை ஆண்டுகள் ஆகுமோ. இந்தப் பயன் இப்போதே கையில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. நியூசிலாந்தில் வெள்ளை குளோவர் என்ற தீவனச் செடியின் இலையில் டானின் உண்டாகும்படி மாற்றியிருக்கிறார்கள். சாதாரணமாக அந்த இலையில் டானின் கிட்டத்தட்ட இருக்காது. அதிகமாக மேய்ந்தால் மாட்டுக்கு வயிறு ஊதிச் செத்தும் போகும். டானின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் நுரை குறையும், ஏப்பத்தில் போகும் மீத்தேனும் குறையும் என்பது எதிர்பார்ப்பு. பாலிஃபீனால் என்றாலே மனிதத் தட்டு மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

ஊதாப்பூ · ஞாயிறு, காலை 8.22

செடி தனக்காகச் செய்கிறது என்பது எனக்குப் புதிய பார்வை. நன்றி, ஐயா.

தேடியபோது இன்னொரு செய்தி கிடைத்தது. ஒரே தக்காளியில் ஐம்பது புட்டி சிவப்பு ஒயினில் இருக்கும் அளவு ரெஸ்வெரட்ரால் என்று போட்டிருக்கிறார்கள். இது உண்மையா?

மரபுத்தச்சன் · ஞாயிறு, காலை 9.02

உண்மைதான், அதே நாரிச் மையத்தில் 2015-இல் நடந்தது. அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலிருந்து மிப்12 என்ற மேற்பார்வை மரபணுவை எடுத்தார்கள். அது பாலிஃபீனால் பாதையை மட்டும் எழுப்புவதோடு நிற்பதில்லை. அதற்கு மேலே, சர்க்கரையிலிருந்து ஃபீனைல்அலனின் உண்டாகும் இடம் வரை கைநீட்டிக் கார்பனை இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறது. மடையை மட்டும் திறக்காமல் வாய்க்காலையே அகலப்படுத்தியது போல. அதோடு திராட்சையின் ஸ்டில்பீன் சிந்தேஸைச் சேர்த்தால் ரெஸ்வெரட்ரால். பயறு வகைச் செடியின் இன்னொரு நொதியைச் சேர்த்தால் சோயாவில் இருக்கும் ஜெனிஸ்டீன்.

என் கருத்தில் இவை சாப்பிடுவதற்கான தக்காளிகள் அல்ல. பொருளைப் பிரித்தெடுக்க ஒரு மலிவான ஆலை என்றுதான் பார்க்க வேண்டும்.

அளவறிவாள் · ஞாயிறு, காலை 11.40

"ஐம்பது புட்டி" என்ற அளவுகோலே தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது. ஒயினில் ரெஸ்வெரட்ரால் மிகக் குறைவு. குறைவான ஒன்றின் ஐம்பது மடங்கு என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். அது எந்த நோய்க்கு எத்தனை மில்லிகிராம் என்ற கேள்விக்குப் பதில் ஆகாது.

பாலிஃபீனாலைக் கூட்டுவதில் ஒரு விலையும் இருக்கிறது. அதை யாரும் இங்கே சொல்லவில்லை. தாவர உணவிலிருந்து இரும்பு உடம்பில் ஏறுவதை இவை தடுக்கின்றன. பானங்களை வைத்து நடந்த ஒரு ஆய்வில், ஒரு வேளைக்கு 20 முதல் 50 மில்லிகிராம் பாலிஃபீனால் இருந்தாலே, ரொட்டி உணவிலிருந்து இரும்பு ஏறுவது பாதிக்கும் கீழே போனது. 100 மில்லிகிராமுக்கு மேல் போனால் இன்னும் மோசம். எல்லாப் பாலிஃபீனாலும் ஒரே அளவில் இரும்பைப் பிடிப்பதில்லை. அதன் வளையத்தில் பக்கத்துப் பக்கத்தில் ஹைட்ராக்சில் கைகள் எத்தனை என்பதைப் பொறுத்தது. வைட்டமின் சி கூட இருந்தால் தடை ஓரளவு தளரும். ஆனாலும் என்னிடம் வரும் பெண்களில் எத்தனை பேர் இரத்தசோகையோடு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அன்றாடம் எல்லோரும் உண்ணும் ஒரு தானியத்தில் இதை ஏற்றுவதற்கு முன் அவர்களை நினைக்க வேண்டும். தச்சரே, ஊதா நெல்லைப் பற்றி நீங்கள் மகிழ்ந்து எழுதினீர்கள். எனக்கு அதைப் படித்ததும் முதலில் தோன்றியது இதுதான்.

விதைக்கூடை · ஞாயிறு, மதியம் 1.15

இதைத்தான் நானும் கேட்கிறேன். யார் நினைப்பார்கள்? வெளியே விட்டபின் யார் கண்காணிப்பார்கள்?

ஆரஞ்சு பெட்டூனியா கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-இல் ஜெர்மனியில் மக்காச்சோள மரபணு ஒன்றை வைத்து முதன்முதலாக அந்த நிறத்தைக் கொண்டுவந்தார்கள். ஆய்வுச் செடி. அதன்பின் பேச்சே இல்லை. 2015-இல் ஹெல்சிங்கி ரயில் நிலையத்துக்கு வெளியே பூந்தொட்டியில் அந்த நிறத்தைப் பார்த்து ஒரு தாவரவியலாளர் திகைத்து நின்றார். சோதித்தால் அதே மக்காச்சோள மரபணு. 2017-இல் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான செடிகளைத் திரும்பப் பெற்று அழிக்க வேண்டியதாயிற்று. விற்றவர்களுக்கே தாங்கள் விற்பது என்ன என்று தெரியவில்லை. அது பூ, யாரும் சாப்பிடவில்லை. தக்காளிக்கு இது நடந்தால் என் விதைப்பெட்டிக்குள் எது இருக்கிறது என்று நான் எப்படிச் சொல்வேன்? இலாபத்துக்காகக் கண்ணை மூடிக்கொள்கிறவர்களுக்கு இங்கே சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள்.

மட்டுறுத்துநர் · ஞாயிறு, மதியம் 1.30

கருத்தோடு மோதுங்கள், எழுதுபவரின் நோக்கத்தைக் குறை சொல்ல வேண்டாம். இதுவரை நன்றாகப் போகும் இழை இது.

விதைக்கூடை · ஞாயிறு, மதியம் 1.52

கடைசி வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. தச்சரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றதில் மாற்றமில்லை.

மண்புழு · ஞாயிறு, மாலை 3.20

ஐயா, தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தையே ஏற்றுக்கொள்ளும் செடி. பெட்டூனியா போல அல்ல. தவறிக் கலந்தாலும் அடுத்த தலைமுறையில் சதை ஊதாவாக வந்து தானே காட்டிக்கொடுத்துவிடும், ஏனென்றால் அந்தப் பண்பு ஓங்கியது. பழத்தை வெட்டிப் பார்த்தால் போதும். நிறம் தெரியாத மாற்றங்களுக்குத்தான் உங்கள் அச்சம் முழுதும் பொருந்தும். மிப்12 தக்காளி அப்படிப்பட்டது; சதை கொஞ்சம் ஆரஞ்சாகத் தெரியும், அவ்வளவுதான். அங்கே நான் உங்கள் பக்கம்.

மரபுத்தச்சன் · ஞாயிறு, இரவு 9.48

மன்னிப்பெல்லாம் வேண்டாம், ஐயா. பெட்டூனியா விஷயத்தில் ஏட்டில் பதிவு வைக்கத் தவறியது எங்கள் துறையின் பிழைதான்.

இரும்பு பற்றி அளவறிவாள் சொன்னதைக் காலையிலிருந்து யோசித்தேன். தினமும் வயிறு நிறைய உண்ணும் தானியத்துக்கும் எப்போதாவது உண்ணும் பழத்துக்கும் உள்ள வேறுபாட்டை நான் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அதை ஏற்கிறேன்.

இப்போது நான் உண்மையில் சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். இந்தச் செடிகளின் பெரிய மதிப்பு அவற்றைச் சாப்பிடுவதில் இல்லை. உணவியல் அறிவியல் இதுவரை பெறாத ஒரு சோதனைக் கருவி அவை.

பாலிஃபீனால் நல்லதா என்று எப்படிச் சோதிக்கிறார்கள்? ஒரு கூட்டத்துக்கு பெர்ரிப் பழம் கொடுப்பார்கள். மறு கூட்டத்துக்குக் கொடுக்க மாட்டார்கள், அல்லது சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள். வேறுபாடு தெரிந்தால் அது ஆந்தோசயனினாலா, நார்ச்சத்தாலா, வைட்டமினாலா, பொட்டாசியத்தாலா? பிரிக்க வழியில்லை. அல்லது யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். பழம் அதிகம் உண்பவர் புகைக்காதவராகவும் நடப்பவராகவும் இருப்பார். மாத்திரையாகக் கொடுத்தால் இந்தக் குழப்பம் தீரும். ஆனால் பழத்தின் செல்லுக்குள் அடைபட்டுக் குடல் வரை போகும் பொருளும், பொடியாக வயிற்றில் கரையும் பொருளும் ஒன்றாக நடந்துகொள்ளும் என்று யார் உறுதி சொல்வது?

ஊதாத் தக்காளிக்கு ஓர் உடன்பிறப்பு இருக்கிறது. அதே வகை, அதே மண், அதே நாளில் பறித்தது; அந்த இரண்டு மரபணுக்கள் மட்டும் இல்லாத சிவப்புத் தக்காளி. ஒன்றை ஒரு கூட்டத்துக்கும் மற்றதை மறு கூட்டத்துக்கும் கொடுத்துவிட்டு வேறுபாட்டைப் பார்த்தால், கேள்வி முதல்முறையாகச் சுத்தமாகக் கேட்கப்படுகிறது. 2008 சுண்டெலி ஆய்வின் சிறப்பும் இதுவே. சிவப்புத் தக்காளி தின்ற கூட்டமும் அங்கே இருந்தது. அவை ஏறக்குறைய சாதாரண உணவு தின்றவை அளவுக்குத்தான் வாழ்ந்தன. அதே ஆண்டில் பிரான்சிலும் ஒரு குழு எலிகளுக்கு எட்டு வாரம் இரண்டு வகை மக்காச்சோளத்தில் ஒன்றைக் கொடுத்தது. இரண்டும் மரபில் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் ஆந்தோசயனின் உண்டு, மற்றதில் இல்லை. பிறகு இதயத்துக்கு இரத்தத்தை நிறுத்தித் திரும்ப விட்டபோது, ஆந்தோசயனின் தின்ற எலிகளில் செத்துப்போன இதயத் தசையின் அளவு 30 விழுக்காடு குறைவு. அந்த மக்காச்சோளம் மரபணு மாற்றப்பட்டதல்ல. மரபியலாளர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் உடன்பிறப்பு வரிசைகள். விதைக்கூடை ஐயாவுக்கு இது பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

மனிதரில் இந்த வகைச் சோதனை பெரிய அளவில், நீண்ட காலத்துக்கு நடக்க வேண்டும். அதற்குப் பணம் கேட்டு எழுதுவதில் என் வாழ்நாளில் இன்னும் பத்து ஆண்டுகள் போனாலும் வருந்த மாட்டேன்.

அளவறிவாள் · திங்கள், காலை 7.05

இதை நான் இந்தக் கோணத்தில் பார்த்ததில்லை. உங்களோடு உடன்படுகிறேன் என்று தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் இருப்பதிலேயே பெரிய சோதனை கோகோ ஃபிளேவனால் பற்றியது. அமெரிக்காவில் 21,442 பேர்; நாளுக்கு 500 மில்லிகிராம்; சராசரியாக மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்று மேல். 2022-இல் முடிவு வந்தது. இதய நோய் நிகழ்வுகள் மொத்தத்தில் 10 விழுக்காடு குறைந்தன, ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. இதய நோயால் இறந்தவர்கள் 27 விழுக்காடு குறைவு. ஆனால் சோதனை முதன்மையாகக் கேட்ட கேள்வி அது அல்ல. அதைப் படித்துவிட்டு ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. அதுவும் மாத்திரை வடிவில் கொடுத்ததுதான். உணவாகக் கொடுத்து, உடன்பிறப்பு உணவோடு ஒப்பிட்டால் என்ன தெரியும் என்று இப்போது எனக்கே ஆவலாக இருக்கிறது.

ஊதாப்பூ · திங்கள், மாலை 6.30

மருத்துவரிடம் போய் வந்தோம். மாத்திரை வேண்டாம் என்றார்; இரத்த மருந்தோடு அது சேரக்கூடாது என்று அளவறிவாள் அம்மா சொன்ன காரணத்தையே சொன்னார். அப்பா தினமும் அரை மணி நேரம் நடக்கத் தொடங்கியிருக்கிறார்.

தச்சர் ஐயாவின் சோதனையில் எனக்கு ஒரு சந்தேகம். ஒருவர் கையில் ஊதாப் பழம், இன்னொருவர் கையில் சிவப்புப் பழம். யாருக்கு எது கிடைத்தது என்று சாப்பிடுகிறவருக்கே தெரிந்துவிடுமே? ஊதா வாங்கியவர் தனக்கு நல்லது நடக்கிறது என்று நம்பத் தொடங்கிவிட மாட்டாரா?

மரபுத்தச்சன் · திங்கள், இரவு 9.12

மிகச் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். பழத்தைப் பிழிந்து சாறாக்கி, மூடியிட்ட ஒளிபுகாத குவளையில் உறிஞ்சுகுழாய் வைத்துக் கொடுக்கலாம். சுவையில் பெரிய வேறுபாடு இருக்காது. ஆந்தோசயனினுக்குத் தனக்கென்று சுவை மிகக் குறைவு. இன்னொரு பாதுகாப்பு, அளப்பதைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. "எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டால் நம்பிக்கை உள்ளே புகுந்துவிடும். இரத்தக் குழாய் எவ்வளவு விரிகிறது, இரத்தத்தில் அழற்சிக் குறிகள் எவ்வளவு என்று அளந்தால், அளக்கிறவருக்கும் யார் எந்தக் கூட்டம் என்று சொல்லாமல் வைத்தால், நம்பிக்கையின் பங்கு சுருங்கும்.

அளவறிவாள் · செவ்வாய், காலை 6.48

அளக்க வேண்டியவற்றில், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேருங்கள். தொடக்கத்தில் ஒரு முறை, ஆறு மாதத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை. மாதவிடாய் வரும் வயதுப் பெண்களைச் சோதனையிலிருந்து ஒதுக்காமல் போதிய எண்ணிக்கையில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதயத்துக்கு நல்லது என்று தெரியும் அதே தாளில் இரும்புக்கு என்ன ஆனது என்பதும் தெரிய வேண்டும்.

மரபுத்தச்சன் · செவ்வாய், காலை 8.20

சேர்க்கிறேன். வரைவு எழுதும்போது அந்தப் பகுதியை நீங்களே எழுதித் தர முடியுமா?

விதைக்கூடை · செவ்வாய், காலை 10.55

அந்த மக்காச்சோள உடன்பிறப்பு வரிசைகளை யார் பேணி வருகிறார்கள், விதை வெளியே கொடுப்பார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள், தச்சரே. கொடுத்தால் இரண்டு வரிசைகளையும் தள்ளித் தள்ளி விதைத்து, கலக்காமல் பெருக்கித் தர எங்கள் குழுவால் முடியும்.